5700எக்ஸ் வாங்குவதா, 5700எக்ஸ்3டி வாங்குவதா? பழைய ஏஎம்4 கேமிங் பிசிக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) முதல் ரைசன் பிராசஸர்கள் வந்தது 2017 மார்ச்சில். அப்போதும் அதற்கடுத்த சில வருடங்களிலும் பிசி கட்டியவர்கள் பலர் இன்னும் அதே மதர்போர்டைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ரைசன் 5 1600, 2600, 3600 என்று ஏதாவது ஒன்று இருக்கும். கிராபிக்ஸ் கார்டை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்றியிருப்பார்கள். இப்போது பிராசஸரின் முறை. தேடத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: ரைசன் 7 5700எக்ஸ், ரைசன் 7 5700எக்ஸ்3டி. நண்பர்களின் பிசிகளைப் பிரித்து மாட்டும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. அதனால் இந்த இரண்டைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெயரே கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படி என்ன வித்தியாசம்?

இரண்டும் ஜென் 3 தலைமுறை. இரண்டிலும் 8 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 5700எக்ஸ் 2022 ஏப்ரலில் வந்தது. அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.6. எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 மெகாபைட், பெட்டியில் போட்டிருக்கும் மின் அளவு 65 வாட். 5700எக்ஸ்3டி 2024 ஜனவரி கடைசியில் வந்தது. அடிப்படை 3.0, உச்சம் 4.1, எல்3 கேஷ் 96 மெகாபைட், 105 வாட்.

அதாவது பின்னால் வந்தது, பெரும்பாலும் விலை கூடுதலானது, ஆனால் கடிகார வேகத்தில் அரை கிகாஹெர்ட்ஸ் குறைவானது. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது.

வேகம் குறைந்தது கேமில் எப்படி முந்தும்?

இரண்டு தச்சர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கை படு வேகம். ஆனால் அவர் மேஜை சின்னது, பாதிக் கருவிகள் பின்னறையில் கிடக்கின்றன. ஒவ்வொரு உளிக்கும் எழுந்து போய் எடுத்து வர வேண்டும். இன்னொருவர் கொஞ்சம் நிதானம்தான், ஆனால் மேஜை மூன்று மடங்கு பெரியது, வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சாயங்காலம் யார் அதிக வேலை முடித்திருப்பார் என்பது என்ன வேலை கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பலகையை நாள் முழுக்க இழைக்கச் சொன்னால் முதலாமவர். நூறு சின்னச் சின்ன வேலை என்றால் இரண்டாமவர்.

அந்த மேஜைதான் எல்3 கேஷ், பின்னறைதான் ரேம். கேஷில் இருப்பதை எடுக்கப் பிராசஸருக்குச் சுமார் 11 நானோ செகண்ட் ஆகும். ரேமுக்குப் போனால் 70 வாக்கில். ஒரு கேம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) என்ன செய்கிறது என்று பாருங்கள்: நூற்றுக்கணக்கான கதாபாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, எது எதன்மேல் மோதுகிறது, எதை வரைய வேண்டும், எது சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைவகமெங்கும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களைத் தொட்டுத் தொட்டு வருகிறது. அது முடிந்ததும் அடுத்த ஃபிரேமுக்கு அதே சுற்று மறுபடியும். தொட வேண்டியவை 32 மெகாபைட்டுக்குள் அடங்கவில்லை என்றால் பிராசஸர் பாதி நேரம் ரேமின் பதிலுக்காகச் சும்மா காத்திருக்கும். சும்மா நிற்பது 4.6 கிகாஹெர்ட்ஸில் நின்றால் என்ன, 4.1இல் நின்றால் என்ன?

கூடுதல் 64 மெகாபைட்டை அவர்கள் பக்கத்தில் வைக்கவில்லை, பிராசஸர் சில்லின் தலைமேல் இன்னொரு சில்லாக ஒட்டியிருக்கிறார்கள். 3டி என்ற பெயர் அதனால்தான். மேலே ஒரு மாடி கட்டியதால் கீழ்வீட்டுச் சூடு சுலபமாக வெளியேறாது. வோல்டேஜையும் கூட்ட முடியாது. வேகத்தைக் குறைத்ததற்கு இதுவே காரணம். கேஷ் என்றதும் உங்களுக்குப் பணம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, கூடுதல் கொடுக்கிற பணம் முழுக்க அந்த மாடிக்குத்தான்.

அப்படியானால் எல்லா கேமிலும் எக்ஸ்3டி முந்துமா?

இல்லை. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், ஃபேக்டோரியோ, அசெட்டோ கோர்சா காம்பெடிட்ஸியோனே போன்றவற்றில் நன்றாகவே முந்தும். ஆன்லைனில் பெருங்கூட்டம் கூடும் விளையாட்டுகள், நகரம் கட்டுபவை, நாடு பிடிப்பவை எல்லாம் இதே கட்சி. சில கேம்களில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். தொடவேண்டிய தகவல் 32 மெகாபைட்டிலேயே அடங்கிவிடும் பழைய, சின்ன கேம் என்றால் வேகம் அதிகமுள்ள 5700எக்ஸ் ஒரு மயிரிழை முன்னால்கூட இருக்கலாம். நீங்கள் விளையாடுவது எது என்று சொல்லாமல் "கேமிங்குக்கு எது நல்லது" என்று மட்டும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

என் பிசியில் பிராசஸர்தான் தடை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னைக் கேட்டால் இதுதான் முதல் கேள்வியாக வந்திருக்க வேண்டும். பலர் இதைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் வழக்கமான கேமை வழக்கமான செட்டிங்கில் திறந்துகொள்ளுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மாதிரி ஏதாவது ஒரு மென்பொருளை வைத்துத் திரை மூலையில் கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டுச் சதவீதத்தையும் எஃப்பிஎஸ்ஸையும் (ஒரு செகண்டில் வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை) தெரிய வையுங்கள். மெனுவில் நின்று பார்க்காதீர்கள். கூட்டம் அதிகமுள்ள சந்தை, சண்டை நடக்கும் இடம், எப்போதும் இழுக்கிறதென்று நீங்கள் எரிச்சல்படும் அந்த இடத்துக்கே போங்கள்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் தடை கார்டுதான். இந்த இரண்டில் எதை மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 60, 70 சதவீதத்தில் நொண்டிக்கொண்டிருந்தால், ஃபிரேம் வரம்பு எதுவும் போட்டு வைத்திருக்கிறீர்களா, வி-சிங்க் (திரையின் வேகத்துக்கு மேல் ஃபிரேம் போகாமல் கட்டும் அமைப்பு) ஓடுகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கை காட்ட வேண்டியது பிராசஸர் பக்கம்.

இன்னும் சந்தேகமா? அதே இடத்தில் நின்றபடி ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு. அசையாமல் அதே எண்ணில் நின்றால் பிராசஸர். ஐந்து நிமிட வேலை. ஒருவர் பிராசஸர் வாங்கும் முடிவோடு வந்தார். இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு கார்டுக்குப் பணம் சேர்க்கப் போனார்.

டாஸ்க் மேனேஜரில் சிபியு 40 சதவீதம்தான் காட்டுகிறது. அப்புறம் எப்படி அது தடையாகும்?

அந்த 40 எல்லா த்ரெட்டுக்குமான சராசரி. 16 த்ரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினால் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான கேம்களில் ஒரு தலைமைத் த்ரெட் இருக்கும், மற்றவை அது முடிக்கும்வரை காத்திருக்கும். தேர் நகரும் வேகம் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருப்பது மாதிரி. வடம் பிடிக்க எத்தனை பேர் நின்றாலும் அவர் விட்டால்தான் நகரும். எனவே சிபியு சதவீதத்தை விட்டுவிட்டு கார்டின் சதவீதத்தைப் பாருங்கள்.

என்னிடம் 1440பி திரை இருக்கிறது. 4கே வாங்கும் எண்ணமும் உண்டு. பிராசஸர் முக்கியமா?

ரெசல்யூஷன் ஏற ஏறச் சுமை கார்டின் பக்கம் போகும், இரண்டு பிராசஸருக்குமான இடைவெளி சுருங்கும். 4கேயில் நடுத்தரக் கார்டு என்றால் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதிகள்) போட்டு விளையாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கேம் உள்ளுக்குள் குறைந்த ரெசல்யூஷனில்தான் வரையப்படுகிறது. 4கேயில் பெர்ஃபார்மன்ஸ் முறை என்றால் உள்ளே ஓடுவது 1080பி. அப்போது பிராசஸர் மறுபடி பேச்சுக்கு வந்துவிடும்.

சராசரி எஃப்பிஎஸ்ஸில் வித்தியாசம் கொஞ்சம்தான் தெரிகிறது. அதற்காகக் கூடுதல் பணமா?

சராசரியை மட்டும் பார்த்தால் எக்ஸ்3டிக்கு நியாயம் கிடைக்காது. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், 144 என்றால் 6.9. ஒரு செகண்டில் பெரும்பாலான ஃபிரேம்கள் 7 மில்லி செகண்டில் வந்து, நடுவில் இரண்டே இரண்டு மட்டும் 40 எடுத்துக்கொண்டால் சராசரி எண் அழகாகத்தான் இருக்கும். கைக்கு மட்டும் வெட்டு தெரியும். காரில் வளைவு எடுக்கும்போது, குறிபார்த்துத் திரும்பும்போது வரும் அந்தச் சின்ன உதைப்பு அதுதான்.

ஒப்பீடுகளில் '1 சதவீத லோ' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மிக மந்தமான ஃபிரேம்களின் கணக்கு அது. பெரிய கேஷின் பலன் பல கேம்களில் அங்கேதான் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அந்த மந்தமான ஃபிரேம்கள் பலவும் ரேமுக்கு ஓடிய ஃபிரேம்கள். என்னுடைய 2600ஐக் கழற்றி எக்ஸ்3டி போட்ட அன்று எஃப்பிஎஸ் எண் கூடியதைவிட, ஊருக்குள் குதிரையில் நுழையும்போது வழக்கமாக வரும் இழுவை வராமல் போனதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. நம்பாமல் வெளியே போய் மறுபடி உள்ளே வந்து பார்த்தேன்.

வீடியோ எடிட்டிங், பிளெண்டர், கோடு கம்பைல் எல்லாம் செய்வேன். எது?

5700எக்ஸ். இந்த வேலைகள் பெரும்பாலும் ஒரே பலகையை இழைக்கிற ரகம், கேஷ் பெரிதாகக் கைகொடுக்காது. உச்ச வேகக் கணக்குப்படி 4.6க்கும் 4.1க்கும் 12 சதவீத இடைவெளி. ஆனால் எட்டுக் கோரும் முழுக்க ஓடும்போது 5700எக்ஸ் தன் மின் வரம்பான 76 வாட்டில் முட்டிக்கொண்டு வேகத்தை இறக்கும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது. வேண்டுமென்றால் பயாஸில் (மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) பிபிஓ என்ற அமைப்பைப் போட்டு அந்த வரம்பைத் தளர்த்தலாம். எக்ஸ்3டி பூட்டிய பிராசஸர், வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிபிளையரைத் தொட முடியாது.

பகலில் எடிட்டிங், இரவில் கேம் என்று பாதிப் பாதி இருப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் 5700எக்ஸ்தான் சொல்கிறேன். மிச்சப் பணத்துக்கு எஸ்எஸ்டி வாங்கலாம்.

வெறும் 5700 என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். பெயரில் ஒரு எழுத்துதான் குறைகிறது, உள்ளே சில்லே வேறு. எல்3 கேஷ் 16 மெகாபைட்தான், கிராபிக்ஸ் கார்டையும் எஸ்எஸ்டியையும் இணைக்கும் பிசிஐஇயும் 4.0 இல்லை, 3.0. 5600க்கும் 5500க்கும் இடையிலும் இதே கதை. பெட்டியில் 'எக்ஸ்' இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்படியானால் 5600 போதாதா?

பலருக்குப் போதும். 6 கோர், 12 த்ரெட், 32 மெகாபைட் எல்3, உச்சம் 4.4. கூலரும் பெட்டியிலேயே வரும். கேம் மட்டும் என்றால் 5700எக்ஸுக்கும் இதற்கும் இடைவெளி சிறிதுதான். எக்ஸ்3டிக்குப் பணம் எட்டவில்லை, எடிட்டிங்கும் செய்வதில்லை என்றால் 5700எக்ஸைத் தாண்டி நேராக 5600க்கு இறங்குவதில் தப்பில்லை.

3600 வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதிலும் பேருக்கு 32 மெகாபைட் எல்3 உண்டு, ஆனால் அது 16, 16 என இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்துக் கோர் தன் பக்கத்து 16ஐத்தான் நிரப்ப முடியும். ஜென் 3இல் அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். அதனால் 5600 போட்டாலே மாற்றம் தெரியும்.

என் மதர்போர்டு இதை ஏற்குமா?

ஏ320, பி350 போன்ற முதல் தலைமுறை போர்டுகளிலிருந்து பி550, எக்ஸ்570 வரை பலவும் ஏற்கும், ஆனால் புதிய பயாஸ் போட்டிருந்தால் மட்டும். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான பக்கத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியல் இருக்கும். அதில் பிராசஸர் பெயரும், அதற்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்பதும் இருக்கும். மாடல் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், ஒரே பெயரில் இரண்டு மூன்று வகைகள் உண்டு.

பழைய பிராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸை ஏற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தால், பென் டிரைவை மட்டும் வைத்து ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பட்டன் உங்கள் போர்டில் இல்லாத பட்சத்தில், எல்லாவற்றையும் திருப்பி மாட்ட வேண்டியதுதான். பழைய போர்டுகள் சிலவற்றில் பயாஸ் சிப்பில் இடம் போதாமல் புதியவற்றைச் சேர்ப்பதற்காகப் பழைய பிராசஸர்களின் ஆதரவை நீக்கியிருப்பார்கள். பதிப்புக் குறிப்பில் அதையும் படித்துவிடுங்கள்.

பிராசஸரை மாற்றினால் விண்டோஸ் மறுபடி போட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். புதிய பிராசஸரோடு முதல்முறை ஆன் செய்யும்போது, எஃப்டிபிஎம் (அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறிவிட்டது, ஒய் அழுத்தினால் ரீசெட், என் அழுத்தினால் அப்படியே விடுவோம் என்ற அர்த்தத்தில் கறுப்புத் திரையில் ஒரு செய்தி வரலாம். பிட்லாக்கரின் ரெக்கவரி எண் கையில் இல்லாமல் ஒய் அழுத்தினால் உங்கள் டிரைவ் உங்களுக்கே திறக்காது. அந்த எண்ணை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள், அதே பிசியில் சேமித்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

கூலர், பவர் சப்ளை மாற்ற வேண்டுமா?

இரண்டின் பெட்டியிலும் கூலர் கிடையாது. பழைய ரைசன் 5உடன் வந்த தட்டையான ரெய்த் ஸ்டெல்த் 5700எக்ஸுக்கே திணறும், எக்ஸ்3டிக்கு வேண்டவே வேண்டாம். 120 மில்லிமீட்டர் விசிறி வைத்த சாதாரண ஒற்றை டவர் கூலர் போதும், தண்ணீர்க் கூலருக்கெல்லாம் செலவழிக்காதீர்கள். 105 வாட் என்று போட்டிருக்கிறதே என்று பயமும் வேண்டாம், கேமில் எக்ஸ்3டி அந்த அளவை நெருங்குவதே அபூர்வம். இப்போதைய கார்டை ஒழுங்காக ஓட்டும் பவர் சப்ளை இதையும் ஓட்டும்.

கழற்றும்போது எதில் ஜாக்கிரதை?

ஏஎம்4இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. வருடக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் ஒட்டிப்போட்டிருக்கும். நான் முதல்முறை செய்தபோது திருகுகளைக் கழற்றிவிட்டுக் கூலரை நேராக மேலே இழுத்தேன். லிவர் பூட்டியபடியே இருக்க, 'டக்'கென்று பிராசஸரும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் மூலையில் மூன்று ஊசிகள் படுத்துக் கிடந்தன. லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு ஊசியிலும் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். நல்ல வேளை, ஒன்றும் ஒடியவில்லை.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான கேமை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். பிசியை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கி, திருகைக் கழற்றியதும் இழுக்காமல் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரியும். அப்புறம் தூக்குங்கள்.

மாற்றிய பிறகு பழையபடியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பெரும்பாலும் ரேம்தான் காரணம். பயாஸ் ஏற்றியதும் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பும் அணைந்துவிடும். 3200 என்று வாங்கிய ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் எக்ஸ்எம்பியை மறுபடி போடுங்கள், சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. ரீசைசபிள் பாரும் (கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் தொடவிடும் அமைப்பு) அணைந்திருக்கலாம், அதையும் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும்.

5700எக்ஸுக்கு ரேம் வேகம் கணிசமாக உதவும், 3600 வரை போவது நல்லது. எக்ஸ்3டி ரேமைத் தேடிப் போவதே குறைவு என்பதால் 3200 இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேருங்கள். 5700எக்ஸோடு புது ரேமும் வாங்க நினைத்தால் இரண்டுக்குமான விலை இடைவெளி அங்கேயே கரைந்துவிடும்.

இதற்குப் பதில் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்கே போய்விடலாமே?

போகலாம், ஆனால் மதர்போர்டு, டிடிஆர்5 ரேம், பிராசஸர் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். ஏஎம்5இல் டிடிஆர்4 வேலை செய்யாது. அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், அங்கே போனால் இன்னொரு ஏணிப்படி மிச்சம் இருக்கும். ஏஎம்4இல் எக்ஸ்3டிதான் கிட்டத்தட்ட மொட்டைமாடி. அதற்கு மேல் 5800எக்ஸ்3டி இருக்கிறது, 4.5 கிகாஹெர்ட்ஸ், அதே 96 மெகாபைட். அதே விலையில் கிடைத்தால் எடுங்கள், கூடுதல் கொடுத்துத் தேடி அலைய வேண்டியதில்லை.

போர்டும் ரேமும் நன்றாக இருந்து, இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டினால் போதும் என்றால் ஏஎம்4லேயே இருங்கள். போர்டில் யுஎஸ்பி போர்ட் வேலை செய்வதில்லை, ரேமும் 8 ஜிபிதான் என்று ஏற்கனவே புலம்பிக்கொண்டிருப்பவர் அதில் மேலும் பணம் போடுவதில் அர்த்தமில்லை.

ஏற்கனவே 5700எக்ஸ் இருக்கிறது. எக்ஸ்3டிக்கு மாறலாமா?

ஃப்ளைட் சிமுலேட்டரிலோ கார் பந்தயத்திலோ வாழ்கிறவர், பழையதை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது, மேலே சொன்ன 720பி சோதனையில் எண் அசையவே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மாறுங்கள். இல்லையென்றால் ரேம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிட்டு, விளையாடப் போங்கள்.